ரிலீஸுக்கு என்ன பெயர் வைப்பது: எண்ணா, தேதியா, வாழைப்பழமா, கன்னிப்பூவா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்னக் குழுக்கள் நிறைய உண்டு. நான் இருப்பதும் அப்படி ஒன்றில்தான். பூக்கடை, ரப்பர் ஷீட் வாங்கும் கடை, மளிகை, மருந்துக்கடை என்று வாடிக்கையாளர்கள். இதுவரை எங்கள் சாஃப்ட்வேருக்கு எண் மட்டும்தான்: 3.4, 3.5 என்று போகும். அடுத்த பெரிய ரிலீஸிலிருந்து மாற்றலாம் என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொரு கட்சி ஆகிவிட்டார்கள். ஒருவருக்கு ஆண்ட்ராய்டு மாதிரி பலகாரப் பெயர் வேண்டும். இன்னொருவருக்கு உபுண்டு என்ற லினக்ஸ் வகை மாதிரி வருஷமும் மாதமும் போதும். மூன்றாமவர் மாவட்டத்து ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்துவிட்டார். பெரிய கம்பெனிகள் எதை ஏன் தேர்ந்தன, பிறகு ஏன் கைவிட்டன என்று தேடிப் பார்த்து, எங்கள் தேவையோடு ஒட்டிப் பார்த்தேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். பெயர் அழகாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஃபோனில் அது வேலை செய்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் கடைக்காரர் கூப்பிடுகிறார்: "மக்ளே, பில்லுல வரி தப்பா அடிக்குது." எங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று. அவரிடம் இருப்பது எந்த வெர்ஷன்? அது நாங்கள் கடைசியாக விட்டதற்கு முந்தியதா? அந்தத் திருத்தம் அதில் உண்டா? அவர் சொல்வார்: "போன மாசம் உங்க பையன் வந்து போட்டுட்டுப் போனதாக்கும். நம்பரெல்லாம் எனக்கு எங்க தெரியும்?" இந்தப் பேச்சை எந்த முறை சீக்கிரம் முடித்து வைக்கிறதோ அதற்கே என் ஓட்டு.

எண்

எங்களிடம் இப்போது இருப்பது இதுதான். புரோகிராமர்களுக்கு எண் ஒரு வாக்குறுதி. முதல் எண் மாறினால் பழையது ஒத்துப்போகாமல் போகலாம். நடு எண் மாறினால் புது வசதி வந்திருக்கிறது. கடைசி எண் மாறினால் பழுது நீக்கம் மட்டும். டாம் பிரஸ்டன்-வெர்னர் இதை விதிமுறையாகவே எழுதி வைத்தார், செமான்டிக் வெர்ஷனிங் என்று பெயர். மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகளை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கடைக்காரர் அந்த எண்ணை அப்படி வாசிப்பதில்லை. 3.9-க்கு அடுத்து 3.10 என்று விட்டோம் என்றால், அவர் கணக்கில் மூன்று ரூபாய் தொண்ணூறு காசைவிட மூன்று ரூபாய் பத்து காசு குறைவு. நாள் முழுக்கப் பணத்தை எண்ணுகிற ஆள் "புதுசுன்னு சொல்லி பழசைப் போட்டுட்டியளே" என்று கேட்டால் அவர் பேரில் தப்பே இல்லை.

பெரிய ஆட்களும் எண்ணை ஒழுங்காக எண்ணியவர்கள் இல்லை. விண்டோஸ் 8-க்குப் பிறகு 10 வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் உள் எண் 12-லிருந்து 14-க்குத் தாவியது, 13 ராசியில்லாத எண் என்று. பாட்டு கேட்கும் சாஃப்ட்வேரான வின்ஆம்ப் 3-க்கு அடுத்தது வின்ஆம்ப் 5. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தது, ஆகவே ஐந்து என்று விளக்கம் சொன்னார்கள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 4.20 முடிந்ததும் 5.0, 5.19 முடிந்ததும் 6.0. எண்ண விரல்கள் தீர்ந்துபோனதால் முதல் எண்ணை ஏற்றுகிறேன், வேறு அர்த்தம் தேடாதீர்கள் என்று அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தது கணினி அறிஞர் டொனால்ட் குனூத்தின் அச்சுக்கோப்பு சாஃப்ட்வேரான டெக். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணிதத்தின் பை (π) மதிப்பில் ஓர் இலக்கம் கூடும், 2021-ல் 3.141592653 ஆனது. தன் காலத்துக்குப் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது, எண்ணை பை என்றே நிறுத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வரிவிகிதம் மாறிக்கொண்டே இருக்கும்.

நம் கடைகளுக்குப் பழக்கமான உதாரணம் கணக்கு சாஃப்ட்வேரான டேலிதான். டேலி.ஈஆர்பி 9 என்ற பெயர் 2009-லிருந்து டேலிபிரைம் வந்த 2020 வரை நின்றது. உள்ளே ரிலீஸ்கள் மாறிக்கொண்டே இருந்தன. வெளியே எல்லோரும் "ஈஆர்பி நைன்" என்றே சொன்னார்கள். அந்த ஒன்பது விற்பனைக்கு உதவிய அளவு, எந்த ரிலீஸ் என்று கண்டுபிடிக்க உதவவில்லை. வாய்க்குப் பழகிய எண் அப்படியே உறைந்து போகும். எங்கள் வாடிக்கையாளர்களில் சிலர் இன்றும் "த்ரீ" என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

தேதி

உபுண்டுவின் முதல் ரிலீஸ் 2004 அக்டோபரில் வந்தது, எண் 4.10. வருஷம், புள்ளி, மாதம், அவ்வளவுதான். பிந்தியது எது, எவ்வளவு பழசு என்று யாரிடமும் கேட்க வேண்டாம்.

இந்த முறைக்கு எங்கள் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி அடுக்குகள் மாறின. 12, 28 சதவீதத்தில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5-க்கும் 18-க்கும் போயின. அந்த வாரம் கடைக்காரர்கள் எல்லோரிடமும் இருந்தது ஒரே கேள்விதான்: என்னிடம் இருப்பதில் புது வரி இருக்கிறதா? எங்கள் எண் 3.7. அது வரிமாற்றத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. 2025.09 என்று இருந்திருந்தால் கேள்வி பாதியிலேயே தீர்ந்திருக்கும். ஒவ்வொரு ஏப்ரல் 1-க்கும் கணக்கு வருஷம் திரும்புகிற தொழிலில், தேதியை மறைக்கும் எண்ணால் என்ன லாபம்?

ஆப்பிளும் ஒருவகையில் இங்கேதான் வந்து சேர்ந்தது. 2025-க்கு முன் ஐஓஎஸ் 18, மேக்ஓஎஸ் 15, வாட்ச்ஓஎஸ் 11 என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் எண். எதற்கு எது ஜோடி என்று தலையைச் சொறிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாவலில் 26 ஆக்கிவிட்டார்கள். வெளியானது 2025-ல், எண் மட்டும் அடுத்த வருஷத்தினுடையது. கார் கம்பெனிகளின் பழக்கம் இது.

தேதியின் வில்லங்கத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10 காலத்தில் மைக்ரோசாஃப்ட் 1709, 1803 என்று வருஷமும் மாதமும் சேர்த்த எண்ணை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே 'ஏப்ரல் 2018 அப்டேட்' என்று விட்டது. அது ஏப்ரல் 30-ஆம் தேதி, மாதம் முடிய ஒரு நாள் கூட மிச்சமில்லாமல் வெளிவந்தது. அடுத்து 'அக்டோபர் 2018 அப்டேட்' சிலருடைய கோப்புகளை அழித்துவிட, திரும்பப் பெற்று நவம்பரில் மறுபடி விட்டார்கள். பெயர் அக்டோபராகவே நின்றது. 2020-ல் வந்ததற்கு 2004 என்று எண். விண்டோஸ் சர்வர் 2003 என்ற பழைய சரக்கோடு குழம்பக் கூடாது என்று 2003-ஐத் தவிர்த்தார்கள். கடைசியில் 2004 என்பதே பதினாறு வருஷப் பழசு போலத் தெரிந்தது. அதன்பின் 20எச்2 (2020-ன் இரண்டாம் பாதி) என்று மாறினார்கள். இதில் எங்களுக்கான பாடம் சின்னது: வருஷத்தை நான்கு இலக்கமாக எழுது, புள்ளி வை, நாள் முடிவான பிறகு எண் போடு.

இன்னொரு வில்லங்கம் விற்பனை சம்பந்தமானது. திரையில் 2023 என்று தெரிந்தால் 2026-ல் கடைக்காரருக்கு உறுத்தும். சாஃப்ட்வேர் நன்றாகவே ஓடினாலும் "இது பழசாப்போச்சே, மாத்த எவ்வளவு?" என்று கேட்பார். விற்பனைப் பிரிவு இதை வரம் என்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் வயசை மறைப்பதைவிட இது மேல்.

பெயர்

தேதி இவ்வளவு நல்லதென்றால் பெயர் எதற்கு? டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வரலாறு இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. 1995 கடைசியில், இன்னும் வேலை முடியாத ஒரு நிலையை ஒரு சிடி விற்பனையாளர் 1.0 என்று போட்டு விற்றுவிட்டார். டெபியன்காரர்கள் 1.0 என்ற எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டார்கள். அதற்குப் பெயர் பஸ் (Buzz). முடியாத வேலைக்கு எண் கொடுத்தால் அது முடிந்துவிட்டது என்று வெளியே நினைக்கிறார்கள். பெயர் கொடுத்தால் அந்த ஆபத்து இல்லை. அப்போது திட்டத்தை நடத்திய புரூஸ் பெரன்ஸ், டாய் ஸ்டோரி படம் எடுத்த பிக்ஸாரில் வேலை பார்த்தவர், ஆகவே அந்தப் படத்துப் பொம்மைகள் பெயராயின. என்றைக்கும் முடியாத பரிசோதனைக் கிளைக்கு சிட், அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையன். இவ்வளவு பொருத்தமான பெயரைச் சாஃப்ட்வேர் உலகில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உபுண்டுவிலும் இதே தேவை தெரிகிறது. 2006 ஏப்ரலில் வர வேண்டிய ரிலீஸ் ஜூனுக்குத் தள்ளிப்போனது. 6.04 என்பது 6.06 ஆயிற்று; 'டாப்பர் டிரேக்' என்ற பெயர் மாறவில்லை. எண் கடைசியில்தான் தெரியும். அதற்கு முன் ஆறு மாதமோ எட்டு மாதமோ குழுவுக்குள் அதை எதையாவது சொல்லிக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

ஆக, பெயர் முதலில் வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர். அதைத் தெருவுக்குக் கொண்டு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆண்ட்ராய்டு அந்தச் சிக்கலின் முழு நீளத்தையும் நடந்து பார்த்தது. 2009-ல் கப்கேக், பிறகு டோனட், எக்லேர் என்று ஆங்கில அகரவரிசையில் தின்பண்டங்கள். கே வந்தபோது உள்ளே 'கீ லைம் பை' என்றிருந்ததை மாற்றி, நெஸ்லேவோடு பேசி கிட்காட் ஆக்கினார்கள். ஓ-வுக்கு ஓரியோ. 2018-ல் பை (pie). 2019-ல் நிறுத்திவிட்டு வெறும் ஆண்ட்ராய்டு 10 என்றார்கள். உலகம் முழுக்க இந்தப் பெயர்கள் புரிவதில்லை என்பது கூகுள் சொன்ன காரணம். சில மொழிகளில் எல், ஆர் ஒலி பிரிந்து கேட்காது. சில ஊர்களில் பை என்பது இனிப்பே இல்லை. கிட்காட்டுக்குப் பிந்தியது லாலிபாப் என்று அகரவரிசை தெரியாதவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் உள்ளே பழக்கம் போகவில்லை. 12-க்கு ஸ்னோ கோன், 13-க்கு திராமிசு, 15-க்கு வெனிலா ஐஸ்க்ரீம் என்று பொறியாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என் முடிவுக்கு வழிகாட்டியது இதுதான்: உள்ளே செல்லப்பெயர், வெளியே வரிசை சொல்லும் எண்.

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் ஒரு கிளை உண்டு. 2015 டிசம்பரில் தில்லியில் மாணவர்கள் இந்திய இனிப்பின் பெயரைக் கேட்டபோது, அம்மாவிடம் கேட்கிறேன் என்றார் சுந்தர் பிச்சை. அடுத்த வருஷம் 'N' என்ற எழுத்துக்குப் பெயர் சொல்லுங்கள் என்று கூகுள் பொதுவில் கேட்க, கேரளத்துக்காரர்கள் நெய்யப்பத்துக்காக இணையத்தில் வரிந்து கட்டினார்கள். வந்தது நௌகட். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் மாவட்டத்திலும் நெய்யப்பம் வீட்டுப் பலகாரம்தான். ஆகவே எங்கள் குழுவில் பலகாரக் கட்சி பலமான கட்சி. நெய்யப்பம், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஏத்தங்காய் உப்பேரி. வாயில் வைத்தால் எல்லாம் பிரமாதம். ரிலீஸ் பெயராக வைத்தால், முந்திரிக்கொத்து நெய்யப்பத்துக்கு முந்தியதா பிந்தியதா? கூகுளுக்கு அகரவரிசையாவது இருந்தது.

அப்படியென்றால் தமிழ் அகரவரிசை? ஊர்ப்பெயர்க் கட்சிக்காரர் அந்தத் தாளில் எழுதியிருந்தது இதுதான்: அகஸ்தீஸ்வரம், ஆரல்வாய்மொழி, இரணியல், ஈத்தாமொழி, உதயகிரி, ஊரம்பு, எறும்புக்காடு, ஏழுதேசம், ஐரேனிபுரம், ஒழுகினசேரி. பத்து உயிருக்கு ஒரே மாவட்டத்தில் ஊர் கிடைப்பதைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். ஓ-வில் கொஞ்சம் இழுத்தது, ஔ-வில் நின்றேவிட்டது. மெய்க்குப் போனால் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ தவிர மற்றவை தமிழில் சொல்லுக்கு முதலில் வருவது அரிது. உபுண்டுவுக்கு இருபத்தாறு எழுத்து இருந்தும் 2017-ல் தீர்ந்து மறுபடி ஏ-யில் தொடங்கினார்கள். இப்போது பி என்றால் 2005-ன் பிரீஸி பேட்ஜரும் உண்டு, 2018-ன் பயானிக் பீவரும் உண்டு. வரிசை காட்ட வந்த எழுத்து அதோடு வரிசை காட்டுவதை நிறுத்திவிட்டது. கிளவுட் சாஃப்ட்வேரான ஓபன்ஸ்டாக் இஸட் வரை போய் முடிந்ததும், 2023.1 ஆன்டிலோப் என்று வருஷத்தை முன்னால் ஒட்டிக்கொண்டது. அதுவே சரியான வைத்தியம்.

ஊர்ப்பெயரில் அகரவரிசையைவிடப் பெரிய தொந்தரவு வேறு. ஆப்பிள் தன் மேக்குக்கு 2013-லிருந்து கலிஃபோர்னியாவின் இடங்களைப் பெயராக வைக்கிறது: மேவரிக்ஸ், யோசெமிட்டி, கேட்டலினா, சொனோமா. யோசெமிட்டியில் பிழை என்று எழுதினால் அந்த மலை கோபித்துக்கொள்ளாது, வாங்குகிறவரில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரரும் இல்லை. எங்கள் நிலைமை அப்படியா? "இரணியல் ஹேங் ஆகுது, அதை எடுத்துட்டு ஈத்தாமொழி போடுங்க" என்று ஃபோனில் எங்கள் பையன் சொல்லும்போது எதிர்முனையில் இருப்பவர் இரணியல்காரராக இருக்க நல்ல வாய்ப்பு. எறும்புக்காடு என்று பெயர் வைத்துவிட்டு அதில் பக் (ஆங்கிலத்தில் பூச்சி, எங்கள் தொழிலில் பிழை) இல்லை என்று யாரை நம்ப வைப்பது? ஊரோடு சாதி, மதம், கட்சி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் மாவட்டம் இது. எந்த ஊருக்கு முதல் இடம் என்பதிலிருந்தே பஞ்சாயத்து தொடங்கிவிடும். ஊர்ப்பெயருக்கு நான் எதிர் ஓட்டு.

பெயர் எப்படி ஒட்டும் என்பது குமரிக் கடற்கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் வந்த புயலின் பெயர் ஒக்கி, வங்கதேசம் கொடுத்த பெயர். தூத்தூர் முதல் நீரோடி வரை அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மாறும். வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 2020-ல் வந்த பட்டியலில் 13 நாடுகள், நாட்டுக்கு 13 வீதம் 169 பெயர்கள். இந்தியா கொடுத்தவற்றில் முரசு ஒன்று. ஒருமுறை வைத்த பெயரைத் திரும்ப வைப்பதில்லை. அரசியல், மதம், பண்பாடு, பாலினம் எதிலும் சாராமல் இருக்க வேண்டும், யாரையும் புண்படுத்தக் கூடாது, உச்சரிக்க எளிதாக, ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். ரிலீஸ் பெயருக்கும் இந்த விதிகளை எழுத்து மாறாமல் எடுத்துக்கொள்ளலாம். பட்டியலை முன்கூட்டியே முடித்து வைப்பது இதில் முக்கியமான பகுதி. ரிலீஸ் வாரத்தில் பெயருக்குச் சண்டை போடுகிற குழு, பெயரை மட்டும்தான் ரிலீஸ் செய்யும்.

வாழை என் சொந்த யோசனை. ஏத்தன், செந்துளுவன், வெள்ளைத்துளுவன், ரசகதலி, சிங்கன், பேயன், பாளையங்கோட்டான், மட்டி. மாவட்டம் முழுக்க எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் வருத்தமில்லை, ஃபோனில் ஒன்றோடு ஒன்று குழம்பாது. மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் வந்தது. டெபியனில் அடுத்தடுத்து பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வோர்ம் என்று மூன்றும் ஒரே எழுத்தில் வந்து படுத்திய பாடு இதில் இல்லை. குறை என்னவென்றால் பலகாரத்தின் அதே குறை, வரிசை கிடையாது. கூடவே விலை நினைப்பும் வரும்: செந்துளுவன் போட்ட கடைக்காரரிடம் அடுத்தது பாளையங்கோட்டான் என்றால், மட்டமானதைக் கொடுக்கிறோம் என்று நினைப்பார். மதுரையில் ஒருவரிடம் போய் "உங்களது மட்டி" என்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். குழுவுக்குள் மட்டும் என்றால் இந்தக் குறைகள் எதுவும் குறையே இல்லை.

உள்ளே என்றாலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆப்பிளில் ஒரு பவர் மேக்கிண்டோஷுக்கு உள்ளே கார்ல் சேகன் என்று பெயர் வைத்தார்கள். செய்தி வெளியே கசிந்தது, அந்த வானியலாளர் ஆட்சேபித்தார், பொறியாளர்கள் அவரைக் கிண்டல் செய்யும் மூன்றெழுத்துக்கு மாற்றினார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2005-ல் மேக் டைகர் வந்தபோது டைகர் டைரக்ட் என்ற கடை வழக்கு போட்டது. ஆள் பெயர், கடைப் பெயர் இரண்டும் வேண்டாம்.

பெயரின் எழுத்து

தமிழில் பெயர் வைக்கிற யாரும் கவனிக்க வேண்டிய தொழில்நுட்பப் பள்ளம் ஒன்று உண்டு. இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா 19-க்கு ஷ்ரோடிங்கர்ஸ் கேட் என்று பெயர் வைத்தபோது, அதிலிருந்த ஜெர்மன் எழுத்தும் ஒற்றை மேற்கோள் குறியும் சில நிரல்களைத் தடுமாற வைத்தன. 20-க்குப் பிறகு அவர்கள் பெயர் வைப்பதையே விட்டுவிட்டார்கள். தமிழில் இது இன்னும் எளிதாக நடக்கும். கணினி எழுத்துக்களைச் சேமிக்கும் யூனிகோடில் 'தோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே எழுத்தாக, அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினி நேரடியாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு. 'தோவாளை' என்ற ரிலீஸுக்கு அப்டேட் இருக்கிறதா என்று சர்வரிடம் கேட்டால், கீபோர்டைப் பொறுத்து அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பதில் வரலாம். முந்திரிக்கொத்துக்கும் இதே கதி. கோப்பின் பெயர், சர்வர், டேட்டாபேஸ் எல்லாவற்றிலும் எண் மட்டும். பெயர் திரையில் மட்டும்.

பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம் என்ற கட்சி

குரோம் மாதிரி தானாகவே மாறிக்கொள்ளட்டும், எண்ணை யாரும் பார்க்கவே வேண்டாம் என்று ஒரு வழி உண்டு. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2022-ல் 100-ஐத் தொட்டபோது, இரண்டு இலக்கத்தை மட்டும் எதிர்பார்த்த வலைத்தளங்கள் உடையுமோ என்று பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். பயனர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு சங்கதியே தெரியாது. நல்ல வழிதான், எல்லாக் கடையிலும் நெட் இருந்தால். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் பென் டிரைவில் கொண்டு போய்ப் போடுகிற எங்களுக்கு இது இப்போதைக்கு ஒத்து வராது.

என் தேர்வு

வெளியே தேதி: 2026.03, 2026.10. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே வாழைப்பழம். வேலை நடக்கும்போது செந்துளுவன். முடிந்த அன்று தேதி எண்.

வெளியே வாயில் சொல்ல ஒரு சொல்லும் கட்டாயம் வேண்டும் என்று விற்பனைப் பிரிவு பிடிவாதம் பிடித்தால், என் யோசனை கன்னிப்பூவும் கும்பப்பூவும். குமரி நெல்லுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ, மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. எங்களுக்கும் வருஷத்துக்கு இரண்டு பெரிய ரிலீஸ்தான். ஒன்று ஏப்ரல் 1 கணக்கு வருஷத்துக்கு முன்னால், இன்னொன்று தீபாவளி நெரிசலுக்கு முன்னால். இரண்டும் தற்செயலாக இந்தப் பூக்களின் பக்கத்திலேயே விழுகின்றன. வருஷத்தோடு சேர்த்துச் சொன்னால் வரிசை தானாக வரும், பட்டியல் என்றைக்கும் தீராது. மாதப் பெயரைப் போல ஒரு நாள் தள்ளிப்போனால் பொய்யாகிவிடுவதும் இல்லை, பூவுக்குக் கொஞ்சம் முன்பின் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2017-ல் 'ஃபால் கிரியேட்டர்ஸ் அப்டேட்' என்று பருவப் பெயர் வைத்தபோது பூமியின் தென்பாதியில் அது வசந்தம். எங்கள் சரக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. வள்ளியூர் தாண்டினால் நெல் போகங்களைக் கார், பிசானம் என்பார்கள். அங்கே எண்ணை மட்டும் சொன்னால் போதும். வயலெல்லாம் வாழையும் ரப்பரும் கட்டடமும் ஆகிவிட்ட காலத்தில் இளைய கடைக்காரர்களுக்குக் கும்பப்பூ என்றால் தெரியுமா என்று குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தெரியாதவருக்கும் இரண்டே சொல்தானே, பழகிவிடும்.

எந்த முறையை எடுத்தாலும் கூடவே செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் விடாதீர்கள். வெர்ஷனை மெனுவுக்குள் மூன்றாவது அடுக்கில் ஒளித்து வைக்காமல், அடிக்கிற ஒவ்வொரு பில்லின் கடைசி வரியிலும் சின்ன எழுத்தில் அச்சிடுங்கள். குலசேகரத்துக்காரர் கம்ப்யூட்டரைத் தேட வேண்டாம், கையில் இருக்கும் துண்டுத்தாளைப் பார்த்து "2026.03 கும்பப்பூன்னு போட்டிருக்கு" என்று வாசித்துவிடுவார். இடையில் வரும் சின்னத் திருத்தங்களுக்குப் பெயர் கிடையாது, 2026.03.2 என்று மூன்றாவது எண் போதும். முதல் செல்லப்பெயர் ஏத்தனா செந்துளுவனா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.